நடுவில் பதினோரு வரி

2009 மே 4, திங்கள்

காலையில் இரண்டு குடம் நல்ல தண்ணீர் பிடித்தேன். தோசைக்கு மாவு அரைத்தேன். பத்து மணியிலிருந்து பன்னிரண்டு மணிவரை கரண்ட் இல்லை. இந்த வீட்டில் கரண்ட் போனால்தான் எனக்குப் புருஷன் கிடைக்கிறார். மற்ற நேரமெல்லாம் காதில் ஒயரை மாட்டிக்கொண்டு குரல்காரியோடு இருக்கிறார்.

குரல்காரி என்பது நான் வைத்த பெயர். கம்ப்யூட்டருக்குள் இருந்துகொண்டு, திரையில் வரும் எழுத்தையெல்லாம் சத்தம்போட்டு வாசிக்கிற சாஃப்ட்வேர் அது. இவருக்குப் பிறவியிலேயே கண் தெரியாது. காலேஜில் வரலாறு நடத்துகிறார். ஆசீர் சார் என்றால் பாளையங்கோட்டையில் பாதிப்பேருக்குத் தெரியும். பிள்ளை குட்டி இல்லாத வீடு. பன்னிரண்டு வருஷமாக அவர் படித்த ஒவ்வொரு புத்தகமும், திருத்திய ஒவ்வொரு பரீட்சைத்தாளும் என் வாய்வழியாகத்தான் அவர் காதுக்குப் போயிற்று. நான் வாசிப்பேன், அவர் மார்க் சொல்வார், நான் போடுவேன். இந்த ஜனவரியில் கம்ப்யூட்டர் வந்தது. இங்கிலீஷ் என் கையை விட்டுப் போனது. போகட்டும், தமிழாவது மிஞ்சியதே என்று இருந்தேன். மார்ச்சில் ரூபி டீச்சர் மதுரையிலிருந்து வந்து தமிழ்க் குரலையும் ஏற்றிக் கொடுத்துவிட்டுப் போனாள். அதோடு செய்தித்தாள்கூட என்னிடம் கேட்பதில்லை. இன்டர்நெட்டில் குரல்காரியே வாசித்துவிடுகிறாள்.

அதுவும் என்ன வேகம்! கடுகு வெடிக்கிற மாதிரி இருக்கிறது. எனக்கு ஒரு வார்த்தை விளங்கவில்லை. இவருக்கு விளங்குகிறது. ரூபிக்கு இதைவிட வேகமாக வைத்தாலும் விளங்குமாம். பொறாமையா என்று கேட்டால், ஆமாம், பொறாமைதான். இந்த டைரியை நான் மேஜைமேல் திறந்தே போட்டு வைக்கிறேன். இங்கே யார் வாசிக்கப் போகிறார்கள்?

கொய்யா மரத்தில் அணில் ஒரு காயை முழுசாக விடுவதில்லை. பளபளவென்று எதையாவது கட்டித் தொங்கவிட்டால் கிட்டே வராது என்று எதிர்வீட்டு சந்திரா சொன்னாள். பழைய பாட்டு சிடி இரண்டு கிடந்தது. நூலில் கோத்துக் கட்டிவிட்டேன்.

மே 7, வியாழன்

அணில் வரவில்லை. கொய்யா நன்றாகக் காய்த்திருக்கிறது.

மே 12, செவ்வாய்

மூன்று நாளாகக் கம்ப்யூட்டர் பெட்டிக்குள் டிக் டிக் என்று ஒரு சத்தம். எனக்குக் கேட்கவில்லை. இவருக்குக் கேட்டிருக்கிறது. கம்ப்யூட்டர் கடை முத்துவேலை வரச்சொன்னார். அவன் பெட்டியைக் கழற்றிப் பார்த்துவிட்டு நெற்றியைச் சொறிந்தான்.

"சார், ஹார்ட் டிஸ்க் போகப்போவுது. ஒரு மாசம் ஓடுமோ, ஒரு வாரம் ஓடுமோ, சொல்ல முடியாது. புதுசு ஒண்ணு மாத்திருவோம்."

"என் தீசிஸ் உள்ள இருக்கப்பா."

"அது ஃபைலுதானே, பென்டிரைவ்ல எடுத்துக்கிடலாம். உங்களுக்கு வாசிக்குதுல்லா, அந்த சாஃப்ட்வேர்தான் சிக்கல். அத அப்படியே காப்பி பண்ணிப் புதுசுல போட்டா ஓடாது. முதல்லேருந்து ஏத்தணும். சிடி ரெண்டு குடுத்திருப்பாங்களே, அத எடுத்து வைங்க."

"கனி, அந்த சிடி ரெண்டும் எங்க இருக்கு?"

"அலமாரிலதான் இருக்கும்" என்றேன்.

ஜூன் முப்பதுக்குள் தீசிஸைப் பல்கலைக்கழகத்தில் கொடுத்தாக வேண்டும். இரண்டு தடவை தவணை வாங்கியாகிவிட்டது, மூன்றாவது கிடையாது என்று எழுதியே கொடுத்துவிட்டார்கள். இன்னும் கடைசி இரண்டு அத்தியாயம் பாக்கி. ஒன்பது வருஷ உழைப்பு. முதல் எட்டு வருஷம் அதற்கு வாசித்தது யார் என்று யாராவது கேட்டால் சொல்ல நான் தயார்.

மே 13, புதன்

காலை முழுக்க சிடி தேடினோம். அவர் ஒவ்வொரு தட்டாகத் தடவிக்கொண்டே வந்தார். நானும் கூடவே தேடினேன். அலமாரிக்குப் பின்னால், கட்டிலுக்கு அடியில், பழைய பேப்பர் கட்டுக்குள், எல்லாம் பார்த்தாயிற்று. கடைசியில் ஜன்னலைப் பிடித்துக்கொண்டு நின்று, "எங்கதான் போயிருக்கும்?" என்றார். நானும் பக்கத்தில் நின்றேன். வெளியே வெயில் பட்டு ஒரே மினுக்கம், எனக்குக் கண் கூசியது.

மத்தியானம் கத்தரிக்காய்க் குழம்பு. உப்பு கூடிவிட்டது.

மே 15, வெள்ளி

ரூபியோடு போனில் முக்கால் மணி நேரம். அவளுக்கும் கண் தெரியாது. இருவரும் ஒரே பள்ளிக்கூடம், ஒரே வகுப்பு. மதுரையில் பார்வையற்றோர் சங்கத்தில் கம்ப்யூட்டர் சொல்லிக் கொடுக்கிறாள். என்னை "மதினி" என்கிறாள். இவரை "ஏ ஆசீர்" என்கிறாள். அண்ணனைப் பேர் சொல்லி, நீ வா போ என்று கூப்பிடுகிற தங்கச்சி எந்த ஊரில் உண்டு? கட்டிய நான் இன்னும் "நீங்க" என்றுதான் சொல்கிறேன்.

போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தார், அதனால் எனக்கும் கேட்டது.

"அந்தத் தமிழ்க் குரல் போட்ட கம்பெனியே இப்ப இல்லப்பா. சங்கத்துல இருந்த ஒரே செட்டத்தான் உனக்குக் குடுத்தேன்."

"இப்ப என்ன செய்ய?"

"ஒரு வழி இருக்கு. சிடி இல்லாட்டிப் போகுது, ஏத்துனது உள்ள இருக்குல்ல? பழைய டிஸ்க்க முழுசா, ஒரு எழுத்து விடாம, புது டிஸ்க்குல படி எடுத்துரணும். விண்டோஸு, சாஃப்ட்வேர், அதோட சாவி நம்பரு, எல்லாமே சேந்து வந்துரும். பழசு சாகுறதுக்குள்ள செய்யணும். ஆனா கடைக்கு மட்டும் பெட்டிய அனுப்பிராத. அவங்க முதல்ல எல்லாத்தையும் அழிச்சுட்டு, அப்புறம்தான் உனக்கு என்ன வேணும்னு கேப்பாங்க."

இருவரும் சிரித்தார்கள். எனக்கு அதில் சிரிக்க ஒன்றும் இருப்பதாகத் தெரியவில்லை.

"வீட்டுலயே செஞ்சிரலாம், நான் போன்ல சொல்றேன். இதெல்லாம் நீ அப்பவே கத்துருந்தா இந்நேரம் நீ எனக்குச் சொல்லிக் குடுப்ப. ரெண்டாயிரத்து மூணுலயே லெட்டர் போட்டேனே."

"நல்லாருக்கேன்னு ஒரு லெட்டர் போட்ட. மதுரையில மழைன்னு எழுதிருந்த."

"அதேதான். பயிற்சி இருக்கு, வந்து சேருன்னு எழுதிருந்தேனே?"

"அதுல அப்படி ஒண்ணும் இல்லையே."

நான் புளி கரைத்துக்கொண்டிருந்தேன்.

"எழுதித் தந்த பிள்ளை விட்டுருக்கும்" என்றாள் ரூபி.

மே 16, சனி

எழுதின பிள்ளை விட்டிருக்கும். அப்படியும் நடக்கும்தானே.

மே 20, புதன்

நான்கு நாளாகச் சரியாகத் தூக்கமில்லை. டைரியிலும் பொய் எழுதினால் பிறகு எங்கேதான் உண்மையை எழுதுவது?

அந்த சிடிகள் பாட்டு சிடி இல்லை. அட்டையில் சாஃப்ட்வேர் பெயரும், தமிழ்க் குரல் என்பதும் கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. ஊருக்கெல்லாம் வாசிக்கிறவளுக்கு அது தெரியாதா? அட்டையை உருவிக் கிழித்துவிட்டுத்தான் கட்டினேன். ஏற்றிமுடித்த பிறகு சிடி எதற்கு, இனி அது வெறும் தட்டு என்று மனசுக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டேன். உள்ளே இருக்கிறவளை ஒன்றும் செய்ய முடியவில்லை, வெளியே கிடைத்ததையாவது தூக்கில் போட்டேன்.

கடிதம். அதையும் எழுதிவிடுகிறேன். 2003 ஜூலையில் வந்தது. கல்யாணப் பந்தியில் என் நாத்தனார் என் காதில் ஒரு விஷயம் போட்டிருந்தாள்: இவருக்கு முதலில் ரூபியைத்தான் பிடித்திருந்ததாம், இரண்டு பேருக்குமே கண் தெரியாமல் எப்படிக் குடித்தனம் நடத்துவீர்கள் என்று வீட்டில் மறுத்துவிட்டார்களாம். அதற்குப் பிறகுதான் என்னைப் பெண் பார்த்தார்கள். பிளஸ் டூ படித்த, சத்தமாக வாசிக்கத் தெரிந்த, வசதியில்லாத வீட்டுப் பெண். அதைக் கேட்ட நாளிலிருந்து அவள் பெயரைக் கேட்டாலே எனக்கு வயிறு எரியும். கடிதத்தைப் பிரித்தேன். ரூபி நலம், மதுரையில் மழை என்று வாசித்தேன். கடைசியில் எல்லோரையும் விசாரித்ததாகச் சொல்லவும் என்று வாசித்தேன். நடுவில் பதினோரு வரியை வாசிக்கவில்லை.

அவ்வளவுதான் செய்தேன். பொய்யாக எதையும் சேர்க்கவில்லை.

மே 22, வெள்ளி

இவர் கல்லூரி நூலகத்துக்குப் போன சமயம் பார்த்து சிடிகளை அவிழ்த்தேன். சோப்புப் போட்டுக் கழுவி, துணியால் துடைத்து, வந்ததும் கையில் கொடுத்தேன்.

"தையல் மிஷினுக்குப் பின்னால விழுந்து கிடந்துச்சு."

வாங்கினார். விளிம்பைத் தடவினார். நடு ஓட்டையில் விரலை விட்டுப் பார்த்தார். மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"வெயில் வாசம் அடிக்கு" என்றார்.

நான் கையை முந்தானையில் துடைத்தேன்.

"அணில் தொல்லை குறைஞ்சுதா?"

அடுப்பில் பால் இருக்கிறது என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டேன். அடுப்பில் ஒன்றும் இல்லை.

சாயங்காலம் முத்துவேல் வந்து இரண்டு சிடியையும் போட்டுப் பார்த்தான். கம்ப்யூட்டர் முக்கி முக்கிச் சுற்றியது, ஒன்றையும் எடுக்கவில்லை. மேல்பூச்சு பொத்துப்போயிருக்கிறது, இனி ஆகாது என்றான். மரத்தில் இப்போது ஒன்றும் தொங்கவில்லை. அதற்குள் அணில் வந்துவிட்டது.

மே 24, ஞாயிறு

கோவிலுக்குப் போய் வந்தோம். வழியெல்லாம் என் தோளைப் பிடித்துத்தான் நடந்தார். வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றும்போது சொன்னார்.

"சனிக்கிழமை படி எடுக்கணும். முத்துவேல் காலையில வந்து புது டிஸ்க்க மாட்டிட்டு, அதுக்கான சிடியப் போட்டுட்டுப் போயிருவான். அந்த நேரம் வாசிக்கிற சாஃப்ட்வேர் ஓடாது. திரையில என்ன வருதுன்னு எனக்குத் தெரியாது, ரூபிக்கும் தெரியாது. நீதான் வாசிக்கணும்."

"முத்துவேலயே இருந்து செய்யச் சொல்லுங்களேன். அவனுக்குத்தான் தெரியும்."

"அவன் வாசிச்சான்னா, முழுசா வாசிச்சானா விட்டுட்டானான்னு எனக்குத் தெரியாது. நீ விட்டா எனக்குத் தெரியும்."

கையில் அவர் சட்டை இருந்தது. அதை மடிப்பதா தொங்கவிடுவதா என்று மறந்துபோயிற்று.

"எப்படித் தெரியும்?"

"விடுறதுக்கு முன்ன மூச்ச உள்ள இழுப்ப. பன்னெண்டு வருஷமா."

அதோடு சாப்பிட உட்கார்ந்துவிட்டார். பன்னிரண்டு வருஷமா! என் தம்பியைப் பற்றி அவர் அக்கா மோசமாக எழுதியதை விட்டேன். கண் தெரியாதவர்களைக் கேலி செய்த பேப்பர் செய்தியை விட்டேன். பையன்கள் விடைத்தாள் ஓரத்தில் கிறுக்கிவைத்ததை விட்டேன். எல்லாம் தெரியும். அப்படியானால் அந்தப் பதினோரு வரியும்? கேட்க எனக்கு வாய் வரவில்லை.

மே 30, சனி

பத்திலிருந்து பன்னிரண்டுவரை கரண்ட் போய் வந்தது. முத்துவேல் அதற்கு முன்பே புது டிஸ்க்கைப் பெட்டிக்குள் மாட்டிவிட்டு, தங்கச்சி வளைகாப்பு என்று ஓடிவிட்டான். பன்னிரண்டே காலுக்கு ஆரம்பித்தோம். ரூபி போனில். இவர் கை கீபோர்டில். நான் திரைக்கு முன்னால், கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு. ஐந்து மாதமாக அந்தத் திரையை இவர் அணைத்தே வைத்திருந்தார், அவருக்கு அது எதற்கு? இன்றைக்கு எனக்காகப் போட்டார்.

நீலத் திரை வந்தது. இங்கிலீஷில் ஒவ்வொரு வரியாக வாசித்தேன். ரூபி, "கீழ ரெண்டு தடவ போ, என்டர்" என்பாள். இவர் தட்டுவார். நன்றாகத்தான் போயிற்று.

பிறகு இரண்டு டிஸ்க்கும் ஒன்றன்கீழ் ஒன்றாக வந்தது. எதிலிருந்து எடுக்க வேண்டும், எதில் போட வேண்டும் என்று கேட்டது.

"முதல்ல இருக்கிறதுதான் பழசு. அத மூலமா வை. ரெண்டாவதுல போடச் சொல்லு" என்றாள் ரூபி. "ஜாக்கிரதை. எதுல போடுதோ அதுல இருக்கிறதெல்லாம் அழிஞ்சிரும். மாத்தி அமுக்கினா அம்புட்டும் போச்சு."

இவர் முதலாவதைத் தேர்ந்தெடுத்தார். நான் திரையைப் பார்த்தேன். இரண்டும் ஒரே அளவு, எண்பது எண்பது ஜிபி. ஆனால் பக்கத்தில் எவ்வளவு நிறைந்திருக்கிறது என்று சின்ன எழுத்தில் இருந்தது. முதலாவதற்கு எதிரே பூஜ்யம். இரண்டாவதற்கு எதிரே அறுபத்தொன்று.

முத்துவேல் ஒயரை மாற்றிச் செருகியிருக்கிறான். முதலில் இருப்பது புதுசு, வெறும் டிஸ்க். ரூபி சொல்கிறபடி செய்தால் அந்த வெறும் டிஸ்க்கைக் கொண்டுபோய்ப் பழையதன்மேல் படி எடுத்துவிடும். விண்டோஸ், சாஃப்ட்வேர், சாவி, தமிழ்க் குரல், இங்கிலீஷ் குரல், குரல்காரி மொத்தமாக ஒழிந்தாள். இனி எங்கேயும் கிடைக்கமாட்டாள். தீசிஸ் பென்டிரைவில் பத்திரமாக இருக்கிறது, அதற்கு ஆபத்தில்லை. கடைசி இரண்டு அத்தியாயத்துக்கும் நான் வாசிப்பேன். ராப்பகலாக வாசிப்பேன். நான் ஒரு பொய்யும் சொல்ல வேண்டாம். சும்மா இருந்தால் போதும். சொன்னது ரூபி, அமுக்கியது இவர். பழி முழுக்க ரூபிக்குத்தான். இனி "ஏ ஆசீர்" என்று கூப்பிட அவளுக்கு வாய் வருமா?

இதையெல்லாம் யோசிக்க எவ்வளவு நேரமாயிற்று என்று தெரியாது. மூச்சை இழுத்தேனா என்றும் தெரியாது. இவர் விரல் என்டர் மேல் இருந்தது. தலையைக் கொஞ்சம் என் பக்கமாகச் சாய்த்து வைத்திருந்தார். ஒன்றும் கேட்கவில்லை, அவசரப்படுத்தவும் இல்லை.

"பொறுங்க" என்றேன். "ரூபி, நீங்க சொல்றது தப்பு."

"என்ன மதினி?"

"தப்புங்கேன். முதல்ல இருக்கிறது வெறும் டிஸ்க்கு. பூஜ்யம்னு போட்டிருக்கு. ரெண்டாவதுதான் பழசு, அதுல அறுபத்தொண்ணு இருக்கு. நீங்க சொன்னபடி அமுக்கியிருந்தா எல்லாம் போயிருக்கும்."

"அய்யோ, மதினி... கும்புடுறேன் உங்கள" என்றாள்.

இந்த வாழ்நாளில் அவளைப் பார்த்து "நீங்க சொல்றது தப்பு" என்று சொல்ல எனக்குக் கிடைத்தது அந்த ஒரு தடவைதான். மனசாட்சியால் சொன்னேனா, அந்த ஆசையால் சொன்னேனா என்று கர்த்தர்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

இவர் மாற்றி வைத்தார். "இப்ப முழுசா வாசி" என்றார். எல்லாம் அழிந்துவிடும், சம்மதமா என்று திரை கேட்டதையும், கீழே இருந்த கம்பெனி பெயரையும், எண்ணையும்கூட விடாமல் வாசித்தேன். அமுக்கினார். மூன்று மணி ஐம்பது நிமிஷம் ஆகும் என்று வந்தது. ரூபி ஜெபித்துக்கொள்வதாகச் சொல்லிப் போனை வைத்தாள்.

வீடு அமைதியாகிவிட்டது. பழைய டிஸ்க் டிக் டிக் என்றது இப்போது எனக்கும் கேட்டது. சாப்பாடு போட்டேன். சாப்பிட்டுக் கை கழுவி வந்து அதே நாற்காலியில் உட்கார்ந்தார்.

"நாலு மணி நேரம் கிடக்கு. ரூபி லெட்டர்ல விட்டியே, அத வாசி."

"அது இல்லங்க. அன்னைக்கே அடுப்புல போட்டுட்டேன்."

"உனக்கு மனப்பாடமா இருக்கும்லா."

இருந்தது. ஆறு வருஷமாகப் பாத்திரம் துலக்கும்போது, கோவிலில் பிரசங்கம் நடக்கும்போது, படுக்கையில், எத்தனை தடவை சொல்லிப் பார்த்திருப்பேன்! வேதத்தில்கூட ஒரு சங்கீதம் எனக்கு அப்படித் தெரியாது. முழங்காலில் கையை வைத்துக்கொண்டு சொன்னேன்:

"இங்கே எங்களுக்கென்று ஒரு கம்ப்யூட்டர் கூடம் திறந்திருக்கிறார்கள். அது எழுத்தை வாசித்துக் காட்டுகிறது. நான் முதன்முதலாக ஒரு புத்தகத்தை யார் துணையும் இல்லாமல் படித்து முடித்தேன். அன்றைக்கு முழுக்க அழுதேன். மூன்று மாதப் பயிற்சி. கட்டணம் இல்லை, தங்க இடம் உண்டு. ஆகஸ்டு பத்துக்குள் வந்து சேர்ந்துவிடு. இதை எழுதித் தருகிற பிள்ளைக்கு அவசரம், நான் சொல்வதில் பாதியைத்தான் எழுதுகிறாள் என்று நினைக்கிறேன். இனி நாம் அப்படி இருக்க வேண்டியதில்லை. கனியையும் கூட்டிக்கொண்டு வா. தம்பதியாகத் தங்க அறை கேட்டு வைத்திருக்கிறேன். பாவம், அவளும் எவ்வளவுதான் வாசிப்பாள்."

அந்தக் கடைசி வரிக்காகத்தான் நான் அவளை அதிகமாக வெறுத்தேன். என்னைப் பாவம் என்று சொல்ல அவள் யார்?

அவர் விரலை மடக்கி எண்ணிக்கொண்டிருந்தார்.

"எத்தனை வரி இருந்துச்சு?"

"பதினொண்ணு."

"ரெண்டாயிரத்து மூணு ஜூலை. நான் கம்ப்யூட்டரத் தொட்டது இந்த ஜனவரி. அஞ்சரை வருஷம்." மடக்கிய விரலை விரித்தார். "வரிக்கு ஆறு மாசம், கனி."

திட்டியிருக்கலாம். அடித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். எழுந்துபோய் வாசல் படியில் உட்கார்ந்துகொண்டார். நான் திரை முன்னாலேயே இருந்தேன். நூறு சதவீதம் ஆனதும், படி எடுத்து முடிந்தது, பிழை எதுவும் இல்லை என்று வந்தது. அவர் கேட்கவில்லை. நானே எழுந்துபோய்ச் சொன்னேன்.

ஜூன் 1, திங்கள்

முத்துவேல் பழைய டிஸ்க்கைக் கழற்றிவிட்டுப் புதுசை வைத்து ஓட்டினான். குரல்காரி வந்துவிட்டாள். இவர் ஒயரைக் காதில் மாட்டிக்கொண்டார்.

ஜூன் 9, செவ்வாய்

காப்பி வேண்டும் என்கிறார், சட்டை எங்கே என்கிறார், கேட்டதற்குப் பதில் சொல்கிறார். வாசி என்று மட்டும் சொல்வதில்லை. கேஸ் சிலிண்டர் ரசீதை எதிர்வீட்டு சந்திராவிடம் கொடுத்து வாசிக்கச் சொன்னார். நான் அடுக்களையில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். அவள் தேதியைத் தப்பாக வாசித்தாள். நான் வாயைத் திறக்கவில்லை.

இதற்கு முன் குரல்காரிமேல்தான் பொறாமை இருந்தது. இப்போது சந்திராமேலும் வந்துவிட்டது. மாத்திரை டப்பா, மருந்துச்சீட்டு, பஸ் பலகை, யார் யார் அவருக்கு வாசிக்கிறார்களோ எல்லோர்மேலும் வருகிறது.

ஜூன் 14, ஞாயிறு

தீசிஸ் கடைசி அத்தியாயத்துக்கு வந்துவிட்டார். கோவிலில் பாட்டுப் புத்தகத்தை நான் எடுக்கவில்லை. அவர் மனப்பாடமாகப் பாடினார்.

ஜூன் 17, புதன்

இன்றைக்குக் காலேஜ் திறந்தது. அவர் கிளம்புகிற நேரத்தில் தபால்காரர் ஓர் உறை கொடுத்தார். மேல்முகவரி கையால் எழுதியிருந்தது. கையெழுத்தைக் கம்ப்யூட்டர் வாசிக்காது. நான் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றேன்.

"என்னது?"

"உங்களுக்கு லெட்டர். மதுரையிலேருந்து."

கையை நீட்டினார். கொடுத்தேன். உறையை ஒரு தடவை தடவிப் பார்த்துவிட்டு சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, பியூன் செல்லையாவோடு ஆட்டோவில் ஏறிப் போய்விட்டார். அங்கே வாசிக்க ஆளா இல்லை? டிபார்ட்மெண்டில் ஆறு பேர், வகுப்பில் அறுபது பிள்ளைகள். செல்லையாவே வாசிப்பான்.

பகல் முழுக்க ஒரு வேலை ஓடவில்லை. அரிசியை இரண்டு தடவை களைந்தேன். யார் வாசித்திருப்பார்கள், எப்படி வாசித்திருப்பார்கள், எங்கே நிறுத்தியிருப்பார்கள் என்றே நினைப்பு. ரூபி இப்போதும் என்னைப் பாவம் என்று எழுதியிருந்தால், அதை எவனோ ஒருத்தன் ஸ்டாஃப் ரூமில் வைத்துச் சத்தமாக வாசித்திருப்பான்.

நாலரைக்கு வந்தார். செருப்பைக் கழற்றினார். முகம் கழுவினார். துண்டை வாங்கித் துடைத்துக்கொண்டார். பிறகு சட்டைப்பையிலிருந்து உறையை எடுத்து என் பக்கம் நீட்டினார்.

வாங்கிப் பார்த்தேன். வேர்வையில் ஓரம் நைந்திருந்தது. பிரிக்கவே இல்லை.

"வாசி" என்றார்.

உறையின் பின்பக்கம் இருந்த அனுப்புநர் முகவரியிலிருந்து ஆரம்பித்தேன்.